பேரேடு இல்லாத நாடா இது?

தமிழரின் வணிக வரலாற்றை எழுத முடியாது என்றொரு தீர்ப்பு நெடுங்காலமாக நடப்பில் இருக்கிறது. அதை வழங்கியவர் யாரென்று தெரியாது; மேல்முறையீடு செய்தவர்களோ மிகச் சிலர். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர் ஒரு பழைய பஞ்சாலையைப் பற்றியோ வட்டிக்கடை மரபைப் பற்றியோ ஆராய ஆசைப்பட்டால், நெறியாளர் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டுகிறார். தொழிற்குடும்பங்களிடம் போனால் அவர்களும் அதையே வேறு சொற்களில் சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்புகிறார்கள். பொருளியல் துறையினரோ கேள்வியையே காதில் வாங்குவதில்லை.

அந்தத் தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடலாம். ஒன்று, நம் வணிகர்கள் கணக்கு எழுதினார்கள், காப்பாற்றவில்லை. கரையான் தின்றதுபோக மிஞ்சியதைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைபோட்டு வாங்கிப் போய்விட்டார். இரண்டு, எங்கேனும் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் அது குடும்பச் சொத்து. வருமான வரிக்கும் பாகப்பிரிவினை வழக்குக்கும் அஞ்சுகிறவர்கள் அதை வெளியாளிடம் காட்டமாட்டார்கள். மூன்று, காட்டினால் நிலைமை இன்னும் மோசம். முதலாளியின் செலவில் முதலாளியின் புகழ்பாடும் பொன்விழா மலர்தான் வெளிவரும். நான்கு, பெருங்கம்பெனிகள் வளர்ந்த அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் பொருந்துகிற துறை இது; பட்டறையும் மண்டியுமாகப் பிழைத்த ஊருக்குப் பொருந்தாது. ஐந்து, இத்தனையும் தாண்டி ஒருவர் எழுதினாலும் பொருளியலுக்கு அதனால் பயனில்லை, எழுதியவருக்கு வேலையுமில்லை.

இவற்றில் எதுவும் வெற்றுப் பேச்சு அல்ல. பேரேடுகள் எடைக்குப் போவது உண்மை. பொன்விழா மலர்கள் பெரும்பாலும் படிக்கத் தகாதவை என்பதும் உண்மை. பல்கலைக்கழகங்களில் பணியிடங்கள் காலியாகவே கிடப்பதும் உண்மை. உண்மைகளை அடுக்கிவிட்டதாலேயே முடிவு சரியாகிவிடாது. இந்த ஐந்தையும் கோத்துப் பார்த்தால் அவை ஒன்றின் வாலை மற்றொன்று பிடித்துச் சுற்றுவது தெரியும். ஆவணம் இல்லை என்பதால் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாததால் ஆவணத்துக்கு மதிப்பில்லை. மதிப்பில்லாததால் அது எடைக்குப் போகிறது. எடைக்குப் போனதால் ஆவணம் இல்லை. நிலைமையை விவரிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இந்தக் கருத்துதான் அந்த நிலைமையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இல்லை என்று யார் தேடிப் பார்த்துச் சொன்னார்கள்?

கடனும் வட்டியும் கல்லில் வெட்டப்பட்ட ஊர் இது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் கோயில் பணம் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போனதைச் சொல்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பலிசை, அதாவது 12.5 விழுக்காடு. முதல் எவ்வளவு, வாங்கிய சபை எது, வரும் வட்டியைக் கொண்டு எந்தச் செலவை நடத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. ஒரு கடன் ஒப்பந்தத்தில் இதற்குமேல் வேறென்ன எதிர்பார்க்கிறோம்?

வணிகக் குழுக்களைப் பற்றிய சான்றுகள் கடல் கடந்தும் கிடக்கின்றன. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் கல்வெட்டு தமிழில் உள்ளது. தாய்லாந்தின் தகுவாபாவில் மணிக்கிராமத்தாரின் பெயர் தாங்கிய 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உண்டு. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இத்தகைய சான்றுகளை வைத்து என்ன செய்ய முடியும் என்று காட்டிவிட்டார்கள். சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையெல்லாம் தொகுத்து, கணினியின் துணைகொண்டு வரிசைப்படுத்தி 1978இலேயே அட்டவணை வெளியிட்டவர்கள் அவர்கள்.

கல்வெட்டு பழங்கதை, காகிதம் எங்கே என்று கேட்கலாம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு காகிதம்தான், தமிழ்தான். அவர் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷ் என்பதால் அதை அரசியல் நூலாக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். அவர் வணிகர். எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்கு எவ்வளவுக்கு ஒப்பந்தமானது, எந்த வணிகர் பாக்கி வைத்தார், யார் யாரிடம் சிபாரிசுக்குப் போனார் என்பவையே அதன் அன்றாடப் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வணிகரின் மனக்கணக்கை அவர் கையாலேயே எழுதிய ஏடு நம்மிடம் இருக்கும்போது, ஆவணமில்லை என்று எந்த வாயால் சொல்வது?

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு வாருங்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறிய அந்தக் கம்பெனி ஆவணத் தொகுதியில் சென்னையின் பங்கும் சேர்த்திதான். யாழ்ப்பாணத் தமிழரான சின்னப்பா அரசரத்தினம் டச்சு, ஆங்கில ஆவணங்களைத் துருவி, சோழமண்டலக் கரை வணிகர்களைப் பற்றி எழுதிய நூல் 1986இல் வந்தது. 1650 முதல் 1740 வரை அந்தக் கரையில் யார் யாருக்குத் துணி விற்றார்கள், யார் தரகு பார்த்தார்கள் என்பதை அந்த நூல் இல்லாமல் இன்று பேச முடியாது. அவர் தேடினார், கிடைத்தது. மற்றவர்கள் தேடாமலே இல்லை என்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் காகிதத்தின் அளவு திணறடிக்கும். 1929-30இல் மாகாணந்தோறும் வங்கி விசாரணைக் குழுக்கள் அமைந்தன. சென்னை மாகாணக் குழுவும் பர்மா மாகாணக் குழுவும் வட்டிக்கடைக்காரர், விவசாயி, மண்டிக்காரர், கூட்டுறவுச் சங்கத்தார் எனப் பலரையும் கேட்டுப் பதிவு செய்தன. பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்ற மதிப்பீடு பர்மாக் குழுவின் அறிக்கையிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு விஷயத்தையும் கவனிப்பதில்லை. நின்று நிலைத்த கடையைவிட நொடித்துப்போன கடை அதிகக் காகிதத்தை விட்டுச் செல்லும். நடக்கும் தொழிலின் கணக்கு முதலாளியின் பெட்டிக்குள் இருக்கும்; திவாலான தொழிலின் கணக்கோ நீதிமன்றத்துக்கு வந்தே தீர வேண்டும். 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் பெருமைக்குரிய அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் குற்றவாளிக் கூண்டில் ஏறி 18 மாதக் கடுங்காவல் பெற்றார். வைப்புத்தொகை கட்டி ஏமாந்தவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று அமைத்த இந்தியன் வங்கி 1907இல் பிறந்தது. ஒரு வணிக நிறுவனத்தின் வீழ்ச்சி, ஒரு குற்றவழக்கு, ஒரு வங்கியின் பிறப்பு மூன்றும் ஒரே கோப்புக் கட்டில் தொடங்குகின்றன.

2. குடும்பங்கள் தரமாட்டா என்றால் குடும்பங்களிடம் மட்டும்தான் கேட்க வேண்டுமா?

அர்பத்நாட் விழுவதற்கு ஆறு நாள் முன்பு, 1906 அக்டோபர் 16 அன்று, தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000, மூலதனம் 10 லட்சம். ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை வெட்டிப் போட்டிக்கு நின்றது. கம்பெனியை முன்னின்று தொடங்கிய வ.உ.சி. 1908இல் சிறைப்பட்டார். 1911க்குள் கம்பெனி கலைந்தது. இந்தக் கதையை நூறு ஆண்டுகளாக மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கினோம். அதை ஒரு நிறுவனத்தின் வரலாறாக, யார் பங்கு வாங்கினார், பணம் எங்கே முட்டியது, போட்டியாளர் எப்படி நெரித்தார், நிர்வாகத்துக்குள் என்ன பிளவு என்று ஆ. இரா. வேங்கடாசலபதி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2023இல்தான் வந்தது. பல பத்தாண்டுகள் ஆவணக் காப்பகங்களில் அவர் தேடித் திரட்டிய சான்றுகளின் விளைச்சல் அது. யாரோ ஒரு குடும்பம் மனமிரங்கிப் பெட்டியைத் திறக்கும்வரை காத்திருந்தால் அந்த நூல் எழுதப்பட்டிருக்காது.

கம்பெனியின் எதிரியிடமும் காகிதம் இருக்கும், அரசிடமும் இருக்கும், கடன்காரரிடமும் இருக்கும். கம்பெனிச் சட்டப்படி பதிவான ஒவ்வொரு நிறுவனமும் தன் அமைப்பு விதிகளையும் பங்குதாரர் விவரத்தையும் பதிவாளரிடம் கொடுத்திருக்க வேண்டும். செய்தித்தாள் விளம்பரம், விலைப்பட்டியல், கடைத் திறப்பு அழைப்பிதழ் போன்றவை அன்று குப்பை, இன்று சான்று. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த அச்சுச் செல்வத்தை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த நூலகம் அப்படிப்பட்ட ‘குப்பை’யின் அருமையை அறிந்தவர்களுக்கு இன்றும் திறந்தே இருக்கிறது.

தனியார் சொத்து என்ற வாதத்திலும் பாதிதான் உண்மை. இந்தியன் வங்கியும், மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் 1969 ஜூலையில் நாட்டுடைமையாயின. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆக, காரைக்குடியிலும் ரங்கூனிலும் கிளை திறந்து தொடங்கிய ஒரு வங்கியின் பழைய கோப்புகள் இன்று யாருடைய வீட்டுச் சொத்தும் அல்ல. 1843இல் தொடங்கிய மெட்ராஸ் வங்கி 1921இல் இம்பீரியல் வங்கியில் கலந்து, 1955இல் ஸ்டேட் வங்கியானது. அந்த மரபின் வரலாற்றை அமிய குமார் பாக்சி 1987 முதல் பல பாகங்களாக எழுதினார். ரிசர்வ் வங்கி 1981இல் தனக்கென ஒரு காப்பகத்தை அமைத்துக்கொண்டது. புனேயில் இருக்கும் அதற்கு ஆய்வாளர்கள் போய்வருகிறார்கள். நம் ஊரில் பிறந்த வங்கிகளின் கோப்புகளைக் காட்டு என்று விண்ணப்பம் போட்டுப் பார்த்த வரலாற்றுத் துறைகள் எத்தனை?

மெய்யாகவே தனியாரிடம் இருப்பதைப் பற்றியும் பேசுவோம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகு? சட்டம் வாய் திறப்பதில்லை. கணக்கரின் பார்வையில் எட்டாம் ஆண்டோடு அந்தப் புத்தகத்தின் ஆயுள் முடிகிறது. வரலாற்றாளரின் பார்வையில் அன்றுதான் தொடங்குகிறது. அந்த நாளில் கைமாற்றிக்கொள்ள ஓர் ஏற்பாடு இல்லாததுதான் குறை. இத்தனை ஆண்டு கழித்தே திறக்க வேண்டும், இன்னாரின் தனிக்கடிதங்கள் நீங்கலாக என்று நிபந்தனை எழுதிக் கொடுத்தால் குடும்பத்தின் அச்சத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். டாடா குழுமம் புனேயிலும், 2006இல் கோத்ரெஜ் நிறுவனம் மும்பையிலும் காப்பகம் அமைத்தன. அவற்றால் அந்தக் கம்பெனிகள் எதுவும் மூழ்கிப்போகவில்லை.

3. புகழ்மாலை என்ற குற்றச்சாட்டு யாருக்கு எதிராகத் திரும்புகிறது?

ஐந்தில் இதுதான் கனமானது. இடதுசாரி நண்பர்கள் இதை உள்ளார்ந்த அறச்சீற்றத்தோடு சொல்கிறார்கள். முதலாளியின் வரலாறு எதற்கு, தொழிலாளியின் வரலாற்றை எழுது என்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: சம்பளப் பேரேடு இல்லாமல் தொழிலாளியின் வரலாற்றை எப்படி எழுதுவீர்கள்?

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளை ஒட்டித்தான். 1921 வேலைநிறுத்தத்தில் ஆலைத் தொழிலாளர் சாதிவாரியாகப் பிளந்து நின்றதும், அது புளியந்தோப்புக் கலவரமாக வெடித்ததும் அரசியல் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. எந்தப் பிரிவில் எந்தச் சாதியார் வேலை பார்த்தார்கள், யாருக்கு என்ன கூலி, வேலைநிறுத்தத்துக்குப் பின் யார் திரும்ப எடுக்கப்பட்டார், யார் வெளியே நின்றார் என்ற கேள்விகளுக்கு மேடைப் பேச்சில் பதில் கிடையாது. வருகைப் பதிவேட்டிலும் சம்பளப் புத்தகத்திலும்தான் பதில் உண்டு. முதலாளியின் ஏடுதான் முதலாளிக்கு எதிரான முதல் சாட்சி.

பர்மாவை எடுத்துக்கொள்வோம். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடு ஆனது. பர்மியத் தேசியவாதிக்கு இது நிலக்கொள்ளை. நகரத்தார் குடும்பங்களின் நினைவில் இது விபத்து: பெருமந்தத்தில் நெல்விலை சரிந்தது, கடன் நின்றது, பணம் வரவேண்டிய இடத்தில் வேண்டாத நிலம் வந்து சேர்ந்தது. இரண்டு தரப்பும் நூறாண்டாகத் தத்தம் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். நகரத்தார் கடை நடத்திய கிட்டங்கிகளின் பேரேடுகளைப் புரட்டினால்தான் வட்டி எப்போது எவ்வளவு ஏறியது, எத்தனை தவணை பொறுத்தார்கள், எந்தக் கட்டத்தில் ஈட்டு நிலத்தை எழுதி வாங்கினார்கள் என்று தெரியும். அந்தப் பேரேடுகளை அழிய விடுவதால் நன்மை அடையக்கூடியவர் கடன் கொடுத்தவரின் வாரிசு மட்டுமே, அதுவும் குற்றம் உண்மையாக இருந்தால். குற்றம் சாட்டுகிறவர்கள் ஏன் சாட்சியை அழிக்கத் துணை போக வேண்டும்?

அதே பேரேடுகளில் ஆச்சிமார் பணமும் இருக்கிறது. நகரத்தார் பெண்களின் சீதனப் பணம் கடைகளில் வட்டிக்குப் போடப்பட்டது. வெளியே தெரியாத அந்த முதல் எவ்வளவு, அதன்மீது பெண்களுக்கு இருந்த உரிமை எவ்வளவு என்பதைப் பெண்ணிய ஆய்வாளர் வேறு எங்கே போய்ப் படிப்பார்?

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டன் அடிமைகளின் உடைமையாளர்களுக்கு இழப்பீடாகக் கொடுத்தது 2 கோடி பவுண்டு. அந்தப் பட்டுவாடாக் கணக்கை ஒவ்வொரு பெயராகப் பிரித்து, யார் யார் அந்தப் பணத்தில் வளர்ந்தார்கள் என்று லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பொதுவெளியில் வைத்துவிட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் ஆலையில் நாஜிக் காலத்தில் கட்டாய உழைப்பு எப்படி நடந்தது என்பதை ஹான்ஸ் மொம்சனும் மான்ஃப்ரெட் கிரீகரும் 1996இல் வெளியிட்டார்கள். செலவு அந்தக் கம்பெனியுடையது. இதில் ஆபத்தில்லை என்று சொல்லவரவில்லை. அந்தக் கம்பெனியின் வரலாற்றாளராக இருந்த கிரீகர், துணை நிறுவனமான ஆடியைப் பற்றிய நூல் ஒன்றை விமர்சித்த பிறகு 2016இல் விலக நேர்ந்தது. ஜெர்மன் வரலாற்றாளர்கள் திறந்த மடல் எழுதிக் கண்டித்தார்கள். அங்கே சண்டை போட ஒரு துறை இருந்தது. துறையே வேண்டாம் என்கிற நம் ஊரில் பொன்விழா மலரை மறுத்து எழுத யார் இருக்கிறார்கள்? வரலாற்றாளர் ஒதுங்கிக்கொண்டால் அந்த இடம் காலியாகக் கிடக்காது, விளம்பர ஏஜென்சி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

4. பெரிய கம்பெனி இருந்தால்தான் வரலாறா?

இந்த எண்ணத்தின் ஊற்று ஆல்ஃப்ரட் சாண்ட்லர். 1977இல் வந்த அவருடைய நூல் அமெரிக்க ரயில்வேயிலிருந்து பெருந்தொழில் நிர்வாகம் வளர்ந்த கதையைச் சொல்லி மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. சம்பளம் வாங்கும் மேலாளர்களின் படிநிலைதான் நவீன வணிகத்தின் முதுகெலும்பு என்றார் அவர். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு சிவகாசிக்கு வந்தால் அளக்க ஒன்றும் இருக்காதுதான். கோளாறு சிவகாசியிலா, அளவுகோலிலா?

அமெரிக்காவிலேயே அந்த அளவுகோல் உடைந்துவிட்டது. சிறு பட்டறைகளும் கூட்டுத்தொழில் ஊர்களும் தொழில்மயத்தின் இன்னொரு வழி என்று பியோரும் சேபலும் 1984இல் வாதிட்டார்கள். பிலிப் ஸ்கிராண்டன் 1997இல் அமெரிக்கச் சிறு உற்பத்தியாளர்களின் வரலாற்றையே எழுதிக் காட்டினார். கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், அச்சும் பட்டாசுமாகக் கிளைத்து ஒரு வறண்ட ஊரை மாற்றியது. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கிதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. திருப்பூரில் விவசாயக் கூலியாகவும் சிறு குடியானவராகவும் இருந்தவர்கள் பனியன் கம்பெனி முதலாளிகளானதை ஷரத் சாரி 2004இல் நூலாக்கினார். மகமை, சீட்டு, கைமாற்று, உறவுமுறைக் கடன் ஆகியவற்றால் மூலதனம் திரண்ட இந்த வழியை உலகத்துக்கு விளக்கக்கூடிய சான்றுகள் இந்த ஊர்களில்தான் இருக்கின்றன. துறைக்கு நாம் பொருந்தவில்லை என்று சொல்லிக் கைகட்டி நிற்பது தாழ்வு மனப்பான்மை. துறையை நம் சான்றுகளுக்குப் பொருந்தும்படி நெகிழச் செய்வதுதான் ஆய்வாளர் வேலை.

5. பயனில்லை, வேலையில்லை என்பவர்கள் செய்தி படிப்பதுண்டா?

பொருளியல் நோபல் பரிசின் அண்மைப் பட்டியலைப் பாருங்கள். 2022இல் பரிசு பெற்றவர்களில் பென் பெர்னான்கியின் பெயர்பெற்ற ஆய்வு, 1930களின் பெருமந்தத்தில் வங்கிகள் வீழ்ந்ததுதான் மந்தத்தை ஆழமாக்கி நீட்டியது என்பது. 2023இல் கிளாடியா கோல்டின், அமெரிக்கப் பெண்களின் உழைப்பையும் ஊதியத்தையும் இருநூறு ஆண்டு ஆவணங்களில் தேடியவர். 2024இல் அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவருக்கும் பரிசு வாங்கித் தந்தது காலனியாட்சி விட்டுச்சென்ற அமைப்புகளைப் பற்றிய ஆய்வு. 2025இல் பரிசின் பாதி ஜோயல் மோகிர் என்ற பொருளாதார வரலாற்றாளருக்கே போனது. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பழைய ஏடுகளைப் புரட்டியவர்களை அந்தத் துறை தலையில் தூக்கி வைத்திருக்கிறது. நம் பொருளியல் துறைகளில் பொருளாதார வரலாறு இன்னும் விருப்பப் பாடமாகக்கூட ஒழுங்காக நடப்பதில்லை.

பயன் என்ன என்பதற்கு நோபல் வரைக்கும் போக வேண்டாம். அர்பத்நாட் விழுந்து 91 ஆண்டு கழித்து, 1997இல், தமிழ்நாடு அரசு நிதி நிறுவனங்களில் பணம் போட்டவர்களின் நலன்காக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஊர் மதிப்புக்குரிய பெயர், மிகுதியான வட்டி, கணக்குக் கேட்கத் தயங்கும் முதலீட்டாளர், ஒரு நாள் பூட்டிய கதவு என்று காட்சி மாறவேயில்லை. 1906 எப்படி நடந்தது என்று பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரு பாடம் இருந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு சமூகம் தன் திவால்களை மறந்தால் அதே திவாலுக்கு மறுபடியும் பணம் கட்டும் என்று மட்டும் சொல்வேன்.

நல்ல வரலாறு வசதியான நம்பிக்கைகளையும் கலைக்கும். நிலமற்ற கூலிகளை உண்டாக்கியது ஆங்கிலேய ஆட்சிதான் என்பது ஒரு காலத்தில் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாக இருந்தது. 1965இல் தர்மா குமார் சென்னை மாகாண ஆவணங்களை வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே சாதியோடு பிணைந்த கூலிக்கூட்டம் பெருமளவில் இருந்ததைக் காட்டினார். ஏகாதிபத்தியத்தின்மீது எல்லாப் பழியையும் போட்டுவிட்டு உள்ளூர்ச் சாதியமைப்பைத் தப்பவிட முடியாமல் போனது. இது பயன் இல்லையென்றால் பயன் என்பது எது?

வேலைக்கு வருவோம். இங்கே பேராசிரியர் பணியிடம் குறைவு. அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் வாய்ப்பு என்பது பணியிடம் மட்டும் அல்ல. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் அழிவின் விளிம்பில் உள்ள ஆவணங்களை மின்னுருவாக்க நல்கை தருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அந்த நல்கையில் தமிழக நிலவுடைமை ஆவணங்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளி சாண்ட்லர் பெயரில் ஆய்வுப் பயண நல்கை தருகிறது. டெலவேரில் உள்ள ஹாக்லி நூலகம் வணிக ஆவணங்களைப் படிக்க வருபவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. அமெரிக்க வணிக வரலாற்று மாநாடு சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குக் குரூஸ் பரிசு வைத்திருக்கிறது. உலகப் பொருளாதார வரலாற்று மாநாடு 2015இல் கியோத்தோ, 2018இல் பாஸ்டன், 2022இல் பாரிஸ், 2025இல் லுண்ட் என்று நடந்துகொண்டே இருக்கிறது. இந்தியாவிலேயே அகமதாபாத் மேலாண்மை நிறுவனத்தில் துவிஜேந்திர திரிபாதி 1960களில் தொடங்கிய வணிக வரலாற்றுப் பாட மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது.

இந்த வாய்ப்புகளுக்குப் போட்டியிடத் தமிழ் மாணவரிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு முதல் இருக்கிறது. நகரத்தார் பேரேட்டைப் படிக்கத் தமிழ் எண் தெரிய வேண்டும். முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று என்ற பின்னக் கணக்கு தெரிய வேண்டும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்கள் தெரிய வேண்டும். நடப்பு வட்டிக்கும் தவணை வட்டிக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். மூன்றாண்டு முடித்து ஊர் திரும்பும் ஏஜெண்டு எடுத்துவைத்த ஐந்தொகையைப் பிரிக்கத் தெரிய வேண்டும். டேவிட் ரட்னர் அமெரிக்காவிலிருந்து வந்து இதையெல்லாம் கற்றுக்கொண்டு 1994இல் நகரத்தாரைப் பற்றி நூல் எழுதினார். காரைக்குடியிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கும் நம் மாணவரிடம் அது உனக்கு எட்டாது என்கிறோம். படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கற்க ஒரு பல்கலைக்கழகமும் ஒரு சான்றிதழ்ப் படிப்புகூட வைக்கவில்லை.

ஆக, செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. தமிழ்க் கணக்கு வாசிப்புக்கு ஓராண்டுப் படிப்பு ஒன்று வேண்டும். எட்டாண்டு கழிந்த கணக்குப் புத்தகங்களை நிபந்தனையோடு பெற்றுக்கொள்ளத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஒரு பிரிவு திறக்க வேண்டும். நாட்டுடைமை வங்கிகளின் பழைய கோப்புகளுக்குப் பட்டியல் கேட்டு வரலாற்றுத் துறைகள் விண்ணப்பம் போட வேண்டும். பொன்விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தொழில் குழுமங்கள் மலருக்குப் பதில் காப்பகத்துக்குத் தர வேண்டும். தந்த பிறகு எழுதுபவரின் கையைப் பிடிக்கக் கூடாது.

எதிர்த்தரப்புக்கு ஒரு நிபந்தனை மட்டும் போடுகிறேன். உண்டு என்று சொல்கிறவரிடம் மட்டும் சான்று கேட்பது நியாயமல்ல. ஆய்வுலகில் இல்லை என்று சொல்வதற்கும் சான்று தேவை. ஆவணமில்லை என்று இனிச் சொல்கிற நெறியாளர், எந்தக் காப்பகத்தில், எந்த நீதிமன்றத்தின் எந்த ஆண்டுக் கோப்பில், எந்த வங்கியின் கிடங்கில் தேடியும் கிடைக்கவில்லை என்று பட்டியல் போட்டு மாணவரிடம் கொடுக்கட்டும். பட்டியல் இல்லாதவர் தலைப்பை மறுக்கும் உரிமையும் இல்லாதவர்.